பதினோராம் வெள்ளம்

பஞ்சு பொதிந்த கண்ணாடிக் குழாயில்
ஆடி மழையோடு வந்து சேர்ந்தது.
அல்சாஸ் மலையில் கைவிட்ட சுரங்கம்,
அதன் சுவரில் பூத்ததாம்.
கையெழுத்து வாங்கிய தபால்காரர்
"மருந்தா டீச்சர்?" என்றார்.
"பாஷாணம்" என்றேன்.
பேனாவைத் திரும்ப வாங்காமலே போய்விட்டார்.

ரசீதில் பெயர்: ஃபோனூக்ஸைட்.
மூன்று கால்சியம், இரண்டு ஆர்சனேட்,
பதினொன்று நீர்.
எடையில் மூன்றிலொரு பங்கு
வெறும் தண்ணீர்.

தண்ணீர் என்பது வகுப்பில்.
வீட்டில் எங்களுக்கு அது வெள்ளம்.
சென்னை ஹாஸ்டலில் முதல் ராத்திரி
"குடிக்க இத்திரி வெள்ளம் வேணும்" என்றேன்.
மூன்று வருஷம் அதுவே என் பட்டப்பெயர்.

மார்த்தாண்டத்தில் எங்கள் கல்லூரி மியூசியம்
ஜெனரேட்டர் அறையை ஒட்டி இரண்டு அலமாரி.
கல்லுக்கும் வகுப்பு உண்டு, பிரிவு உண்டு.
பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வனடேட்டும்
எட்டாம் வகுப்பு.
அதில் ஏ பிரிவில் மணவாளக்குறிச்சி மோனசைட்,
கருமணலில் பொறுக்கிய தேன்நிறக் குருணை.
ஓயாமல் கடல் நனைத்தும்
உள்ளே ஒரு சொட்டு ஏற்காதது.
சி பிரிவு, நீரோடு வந்தவர்களுக்கு.
அங்கேதான் இடம் போட்டு வைத்திருந்தோம்.
சித்தர்களின் அறுபத்துநாலு பாஷாணத்திலும்
தேடிப் பார்த்தேன், இதற்கு எண் இல்லை.

வெள்ளிக்கிழமை கையுறை மாட்டித் திறந்தோம்,
நானும் ஷெறின் பபிதாவும்.
நிறமில்லை.
ஊசிமுனை பட்டதும் உதிர்ந்தது.
அமிலத்தில் ஒரு துணுக்கு போட்டோம்.
சுண்ணாம்புக்கல் என்றால் நுரைத்துக் கத்தும்;
இது பேசாமல் கரைந்தது.
மிச்சத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் பூட்டினோம்.
வெளியே அடைமழை.
உள்ளே ஏசி,
இரண்டு நாளாய் யாரும் நிறுத்தாத ஏசி.

திங்கள் காலை வரைபடத்தில்
கோடுகள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.
மூன்று கால்சியம், இரண்டு ஆர்சனேட்,
பத்து நீர்.
பெயர்: ரவுன்தாலைட்.
கண்ணாடியாய் இருந்தது பால்பிடித்திருந்தது,
வேறொன்றும் ஆகவில்லை.

"கெட்டுப் போச்சா மேடம்?"
"கெடல்ல பிள்ளே. ஒரு வெள்ளம் எறங்கிப் போச்சு."

பெயர்களைப் புத்தகத்தில் பார்த்தேன்.
இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு.
ஜெர்மன்காரன் ரவுன்தால் என்பான்,
பிரெஞ்சுக்காரன் ஃபோனூ என்பான்.
எல்லை நாலைந்து தடவை
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்த ஊர்.
பதினொன்றுக்கு ஒரு பாஷை, பத்துக்கு ஒன்று.

நான் களியிக்காவிளைக்காரி.
நூறடி நடந்தால் கடைப்பலகையில்
எழுத்து மாறிவிடும், வாழைக்குலை விலை மாறாது.
அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் மலையாளத்தில்,
ஓய்வூதியப் புத்தகம் தமிழில்.
ஐம்பத்தாறில் ஒரு நவம்பர் ராத்திரி
எது எறங்கிப் போனதென்று
எங்களை யாரும் எடைபோடவில்லை.
போயிருந்தால் நூற்றுக்கு மூன்று இருக்கும்.
இந்தக் கல்லுக்கு அவ்வளவுதான் போனது.

இருப்புப் பதிவேட்டோடு வந்தார் எட்வின் ஞானதாஸ்.
"வந்த பேர் எதுவோ அதையே எழுதுங்க,
ஆடிட்டுக்கு ரசீது ஒத்து வரணும்."
"வந்தது போயிட்டே சார்."
"பொருள் இருக்குல்லா?"
"இருக்கு."
"பெறகென்ன?"

கட்டம் ஒன்றுதான், அரை விரல் அகலம்.
ஷெறின் கேட்கிறாள்,
ஈரப் பஞ்சு வைத்து மூடினால்
பழைய பேர் திரும்புமா என்று.
தெரியாது என்றேன்.
அவள் வைத்துவிட்டாள்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.
செம்பில் இருந்ததை அண்ணாந்து குடித்தேன்.
பதிவேட்டில் பெயரையும்
பக்கத்தில் கிழமையையும் எழுதியிருக்கிறேன்,
பென்சிலால்.